அக்னி மூலை

"வெப்பத்துக்கும் மனித குலத்துக்கும் இடையே ஆதி நாள் தொட்டு நடந்துவரும் போர், வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு, நமது குளிர்சோலை அடுக்ககத்தின் கார் நிறுத்துமிடத்தில் முடிவுக்கு வருகிறது. உரிமையாளர்கள் அனைவரும் தவறாது வந்திருந்து இவ்வரலாற்றுத் தருணத்துக்குச் சாட்சியாக விளங்குமாறு கேட்டுக்கொள்கிறோம். வாடகைதாரர்கள் பின்வரிசையில் அமரலாம். நிகழ்ச்சி முடிவில் பாதாம் பால் உண்டு."

லிஃப்டுக்குள் ஒட்டியிருந்த இந்த அறிவிப்பை மங்கையர்க்கரசி நான்காம் மாடி வந்து சேருவதற்குள் இரண்டு முறை படித்துவிட்டாள். கீழே கையெழுத்து, புருஷோத்தமன், கண்காணிப்புப் பொறியாளர் (ஓய்வு), சங்கத் தலைவர். பெயரைவிட அடைப்புக்குறிக்குள் இருந்த ஓய்வுதான் பெரிய எழுத்தில் இருந்தது.

"போர் முடியுதாம்" என்றாள், கட்டிலில் சாய்ந்திருந்த கணவனிடம்.

"யாரு ஜெயிச்சாங்களாம்?" என்றார் அறவாழி.

போன வருடம் பக்கவாதம் வந்து இடது பக்கத்தை எடுத்துக்கொண்டு போனது. நாக்கை மட்டும் விட்டுவிட்டது. உடம்பு சரியாக வேர்ப்பதில்லை, சூடு உள்ளேயே தங்கிவிடும், இவரை வெயில் காலத்தில் குளுமையாக வைத்திருப்பதுதான் மருந்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். வேலூரில் இருந்துகொண்டு கேட்க வேண்டிய மருந்து அது. கத்திரி வெயில் மாசி மாதமே வந்து உட்கார்ந்துகொள்ளும் காலம். மின்சாரம் போதாமல் பகலில் ஏசி போடக் கூடாது என்று அரசாங்கம் உத்தரவு போட்டு மூன்று கோடை ஆகியிருந்தது. ஆகவே போர் முடிகிறதென்றால் மங்கைக்குச் சந்தோஷம்தான். போய் முன்வரிசையிலேயே உட்கார்ந்தாள்.

போரை முடிக்க வந்தவன் ஜெபராஜ் என்கிற இளைஞன். சீதளா கம்பெனி. கழுத்தில் டை, டைக்குக் கீழே வேர்வை. ஒரு கண்ணாடித் தொட்டியின் நடுவே மெல்லிய சாம்பல் நிறத் தாள் ஒன்றை நிறுத்தி, இரண்டு பக்கமும் பைப்புத் தண்ணீரை ஊற்றினான். கொஞ்ச நேரத்தில் இடது பக்கத்துத் தண்ணீரில் விரலை விட்டவர்கள் "ஸ்ஸ்" என்று இழுத்தார்கள், பானைத் தண்ணீர்போல ஜில்லென்றிருந்தது. வலது பக்கத்தில் விட்டவர்களும் "ஸ்ஸ்" என்றுதான் இழுத்தார்கள். அது சுட்டது.

"இதுக்குப் பேரு ஒருவழித் திரைங்க. சூடு இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் போவும். திரும்பி வராது. கரண்டு வேணாம், மோட்டாரு வேணாம். சுவத்துல ஒட்டுனா போதும்."

இப்படி ஒன்று நடக்கவே நடக்காது என்று நூற்றாண்டுகளாகச் சாதித்துவந்த விஞ்ஞானிகளில் பாதிப் பேர் இப்போது அந்தக் கம்பெனியில்தான் சம்பளம் வாங்குகிறார்கள் என்பதால், அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. மங்கை வேறொன்று கேட்டாள்.

"தம்பி, வெளிச்சுவத்துல ஒட்டிட்டா சூடு தெருவுக்குப் போயிடுமா?"

"வெயில் படுற சுவத்துல ஒட்டக் கூடாதும்மா. திரை சூட்ட அனுப்பும், ஆனா அந்தப் பக்கம் ரொம்பக் கொதிச்சுதுன்னா பசை இளகிடும். உள்சுவத்துலதான் ஒட்டணும்."

"உள்சுவத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

ஜெபராஜ் யோசித்தான். "பக்கத்து வீடுங்கம்மா."

அதன் பிறகு கார் நிறுத்துமிடத்தில் நடந்ததைக் கூட்டம் என்று சங்கத்துப் பதிவில் எழுதியிருக்கிறார்கள். யார் சூடு யார் வீட்டுக்குப் போவது என்று ஆரம்பித்து, யார் வீட்டுக் குழந்தை யார் செருப்பில் மூத்திரம் போனது வரை போயிற்று. உறவுக்காரர்கள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். பேசாமல் இருந்தவர்கள் பேச ஆரம்பித்தார்கள். ஒரு மணி நேரம் கழித்துப் புருஷோத்தமன் எழுந்து கையை உயர்த்தினார்.

புருஷோத்தமனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அணையும் பாலமும் கட்டியவர், அல்லது கட்டிய இடங்களில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டவர். தினமும் விடிந்ததும் மொட்டை மாடியில் எதிர்க் கல்யாண மண்டபத்தின் பக்கம் திரும்பி, கண்ணை இறுக மூடி, பன்னிரண்டு சூரிய நமஸ்காரம் செய்வார். பல வருடப் பழக்கம். அதனால்தானோ என்னவோ முகம் வெளுத்தும் பிடரி கன்னங்கரேலென்றும் இருக்கும்.

"நண்பர்களே, இதுக்கு ஏன் சண்டை?" என்றார். "நம்ம பெரியவங்க எப்பவோ சொல்லிட்டுப் போயிட்டாங்க. ஈசானியத்துல தண்ணி, வடமேற்குல வாயு, தென்கிழக்குல அக்னி. நெருப்பு எங்க இருக்கணுமோ அங்க இருந்தா குடும்பத்துக்கு க்ஷேமம். சூடு எல்லாத்தையும் அக்னி மூலைக்கு அனுப்பிடுவோம்."

கூட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டது. தன் வீட்டுக்கு வராத எந்தத் தீர்ப்பும் நியாயமானதே.

"எந்த மாடியில சார் அக்னி மூலை?" என்று ஒருவர் கேட்டார்.

"சூடு மேலதானய்யா போவும். நாலாம் மாடி."

"மேல போறது சூடான காத்துங்க சார்" என்றான் ஜெபராஜ். "கான்கிரீட்டுக்குள்ள சூடு எந்தப் பக்கம் வேணா…"

"தம்பி, நான் பொதுப்பணித் துறையில முப்பத்தஞ்சு வருஷம்."

கட்டடக் கம்பெனி வீடு விற்றபோது கொடுத்த வழவழப்பான புத்தகத்தைப் பிரித்தார். முதல் பக்கத்தில் பொன்னிறத்தில் ஒரு திசைகாட்டி. தெருவைப் பார்த்த முகப்பு கிழக்கு. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் எல்லோரும் கூடுதலாகக் கொடுத்து வாங்கியிருந்தார்கள். அதன்படி நான்காம் மாடித் தென்கிழக்கு மங்கையின் வீடு. தாழ்வாரத்துக்கு அந்தக் கோடியில், நேர் எதிர் மூலை, வாயு மூலை, புருஷோத்தமன் வீடு.

"என் வீட்டுல படுத்த படுக்கையா ஒருத்தர் இருக்காரு" என்றாள் மங்கை. 

கை தூக்கியவர்களைக் கணக்கெடுத்தபோது அவளைத் தவிர எல்லாக் கையும் மேலே இருந்தது. பக்கத்து வீட்டு வசுமதி, உறைமோர் தீர்ந்தால் நேராக அடுப்படிவரை வந்து எடுத்துப் போகிறவள், கையைப் பாதிதான் தூக்கினாள். அதையும் முழுசாகத்தான் எண்ணினார்கள். அக்னி மூலை வீட்டில் பதிலுக்குத் திரை ஒட்டக் கூடாது என்றும் தீர்மானத்தில் சேர்த்து எழுதிக்கொண்டார்கள்.

"ஒண்ணே ஒண்ணுங்க" என்று ஜெபராஜ் குரலை உயர்த்தினான். "சூடு போய்ச் சேர்ற வீட்டுல காத்தோட்டம் இருந்துட்டே இருக்கணும். ஜன்னலு திறந்தே இருக்கணும். பூட்டி வெச்சா சூடு சேந்து சேந்து…"

அப்போது பாதாம் பால் வந்தது. அந்த வாக்கியத்தின் மிச்சத்தைக் கேட்டவள் மங்கை ஒருத்திதான்.

திரை ஒட்டி ஒரு வாரத்தில் குளிர்சோலை தன் பெயருக்கு ஏற்றதாயிற்று. கீழ் மாடிகளில் மத்தியானம் போர்வை தேடினார்கள். தேங்காய் எண்ணெய் பாட்டிலிலேயே உறைந்தது. யாரோ வெந்நீரில் குளித்ததாகப் பெருமையோடு சொன்னார்கள். அத்தனை வீட்டுச் சூடும் சுவர் சுவராகக் கைமாறி, வதந்தியைப்போலக் கொஞ்சமும் குறையாமல் மேலே ஏறி, மங்கையின் வீட்டில் வந்து இறங்கியது.

அவள் வீட்டு மாவு காலையில் அரைத்தால் பகலுக்குள் பொங்கி வழிந்தது. பால் உறையும்போதே புளித்தது. பூஜை அலமாரியில் கற்பூரம் ஏற்றாமலே காணாமல் போயிற்று. சுவரில் சாய்த்த எவர்சில்வர் தட்டை வெறுங்கையால் எடுக்க முடியவில்லை. பருத்திச் சேலையைச் சுவரோரம் கொடியில் போட்டால் இஸ்திரி போட்டதுபோல் மொரமொரவென்று வந்தது.

"நாளைக்கு அந்தச் சுவத்துலயே தோசை ஊத்திடு" என்றார் அறவாழி. "கேஸ் மிச்சம்."

"சும்மா இருங்க."

"தலைவருக்கு ஒண்ணு அனுப்பி வை. அவரு வீட்டு அனல்ல வெந்தது. அவருக்குத்தான் முதல் உரிமை."

அவர் பேசிக்கொண்டிருக்கும்வரை பயமில்லை என்று அவளுக்குத் தெரியும். அதனால் வாய்க்கு வாய் கொடுத்துக்கொண்டே வேலை செய்தாள். எல்லா ஜன்னல்களையும் இரவும் பகலும் திறந்து போட்டாள். போர்வைகளைத் தண்ணீரில் முக்கி ஜன்னலுக்கு ஜன்னல் தொங்கவிட்டாள். சாயங்காலமானால் சமையலறை ஜன்னல் வழியாக வெயில் நீளமாக வந்து அடுப்பு மேடையில் விழும். வெயில் இறங்குகிற நேரத்துக்கு அதே ஜன்னலில் காற்றும் வரும். நல்ல காற்று. ஈரப் போர்வையில் மோதி உள்ளே வந்து, சுவரைத் தடவி, சூட்டை வாரிக்கொண்டு மறுபக்கம் போகும். அந்தக் காற்றில்தான் அவர் பிழைத்துக் கிடந்தார். அடுக்ககமும் அதில்தான் குளிர்ந்தது என்பதை யாரும் நினைக்கவில்லை. சோறு பொங்கும்போது மூடி ஏன் ஆடுகிறது என்று யார் நினைக்கிறார்கள்.

வசுமதி ஒரு நாள் வாசற்படியில் நின்றாள். உள்ளே வரவில்லை. தோளில் சால்வை.

"உறைமோர் இருக்காக்கா? எங்க வீட்டுல பாலே உறைய மாட்டேங்குது, அவ்ளோ குளுரு."

"நீ கூட ஒட்டிட்டியே வசு."

"எல்லாரும் ஒட்டுறாங்கக்கா. நான் மட்டும் ஒட்டலன்னா அவங்க சூடும் எனக்குத்தானே வந்து நிக்கும்?" என்றாள் அவள், மிகவும் நியாயமாக. மங்கை உறைமோரைக் கொடுத்தாள். கிண்ணம் சுட்டது. வசுமதி சால்வை முனையால் பிடித்துக்கொண்டு போனாள்.

அடுத்த அறிவிப்பு லிஃப்டில் சித்திரை பிறந்ததும் வந்தது. குளிர்சோலைக்குத் 'தண்மைத் திலகம்' விருது கிடைத்திருக்கிறதாம். கொடுப்பது சீதளா கம்பெனி. திரை விற்றவர்களே, திரை வாங்கியவர்களின் அறிவைப் பாராட்டி அளிக்கும் விருது. விழாவன்று கட்டடத்தைப் படம் எடுப்பார்கள். ஆகவே, "முகப்பின் மாண்பைக் குலைக்கும் வகையில் ஈரத் துணிகளைத் தொங்கவிடுவதும் ஜன்னல்களைத் திறந்து போடுவதும் உடனடியாக நிறுத்தப்பட வேண்டும். மீறினால் தண்ணீர் இணைப்பு துண்டிக்கப்படும்."

யாருடைய ஜன்னல் என்று எழுதவில்லை. அவ்வளவு நாகரிகம் இருந்தது.

அன்று பிற்பகல் அறவாழி பேச்சை நிறுத்தினார்.

ஏதோ கேட்டாள், பதில் வரவில்லை. திரும்பிப் பார்த்தாள். கண் பாதி திறந்திருந்தது, தோல் காய்ந்து அனலடித்தது. தண்ணீரை முகத்தில் அடித்து, கக்கத்தில் ஈரத்துணி வைத்து, வாட்ச்மேனைக் கூப்பிட்டுக் கட்டிலைச் சுவரைவிட்டு இழுத்துப் போட்டு, விசிறிக்கொண்டே அழுதாள். வெகு நேரம் கழித்து உதடு அசைந்தது.

"வெந்துட்டனா, இன்னும் ஒரு விசில் விடணுமா?"

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராகத் தாழ்வாரத்தின் அந்தக் கோடிக்குப் போனாள்.

கதவைத் திறந்த புருஷோத்தமன் குரங்குக் குல்லா போட்டிருந்தார். கம்பளிக் காலுறை. வெளியே வேலூர் பற்றி எரிந்துகொண்டிருந்தது. அவர் மூக்கு நுனி குளிரில் சிவந்திருந்தது.

"வாங்கம்மா. கதவச் சாத்திட்டு வாங்க, அனல் வருது."

"சார், அவரு இன்னிக்குச் செத்துப் பொழச்சாரு. ஒரே ஒரு சுவத்துத் திரையை எடுக்கச் சொல்லுங்க. அவரு படுத்திருக்கிற ரூம் சுவரு. மத்ததெல்லாம் நான் பொறுத்துக்கிறேன்."

"ஒருத்தருக்கு எடுத்தா எல்லாரும் கேப்பாங்கம்மா."

"எல்லாரும் எதுக்குக் கேக்கறாங்க? அவங்க வீட்டுக்குத்தான் எதுவும் வரலியே."

"நீங்க இதை வேற மாதிரி பாக்கணும்." அவர் குல்லாவைச் சரிசெய்துகொண்டார். "வீட்டுக்கு அடுப்பு எப்படி, இந்த அடுக்ககத்துக்கு நீங்க அப்படி. அடுப்பு எரியறதாலதான் வீடு சாப்பிடுது. இது தியாகம். விழாவுல உங்களுக்குப் பொன்னாடை போத்தலாம்னு கமிட்டியில நானேதான் சொன்னேன்."

டெலிபோன் ஆபீஸில் முப்பது வருடம் கண்டவன் திட்டையும் கேட்டுக்கொண்டு 'லைனில் இருங்கள்' என்று சொன்னவள் மங்கை.

"அப்ப ஜன்னலையாவது திறந்து வெச்சுக்கிறேன் சார். மூடி வெச்சா சூடு சேந்து பசை இளகிடும்னு அந்தத் தம்பியே சொன்னாரு."

"பசையைப் பத்தி எனக்கா சொல்றீங்க? அணை கட்டினவன்மா நான். ஜன்னல் மூடணும்னா மூடணும். கமிட்டி முடிவு."

"சரிங்க சார்" என்றாள் அவள்.

மறுநாள் விடிகாலையில் ஆரணியிலிருந்து அவள் தம்பி காரோடு வந்தான். இரண்டு பேர் நாற்காலியோடு அறவாழியைத் தூக்கினார்கள். லிஃப்டில் அறிவிப்பு அவர் முகத்துக்கு நேரே இருந்தது.

"மாண்புன்னு எழுதியிருக்கான்" என்றார். "எழுத்துப் பிழை இல்ல. படிச்சவன்தான்."

அவரைக் காரில் ஏற்றிவிட்டு மங்கை மட்டும் திரும்ப மேலே போனாள். ஈரப் போர்வைகளை எடுத்து மடித்தாள். ஒவ்வொரு ஜன்னலாக மூடித் தாழ் போட்டாள். சமையலறை ஜன்னலைக் கடைசியாக மூடினாள். ஒட்டடைக்கோலால் வென்டிலேட்டர் பலகைகளையும் தட்டி அடைத்தாள். வாசல் கதவின் கீழ் இடுக்கில் பழைய கால்மிதியைச் செருகினாள். கமிட்டி முடிவை அந்தக் கட்டடத்தில் அதற்கு முன்னும் பின்னும் யாரும் அவ்வளவு சுத்தமாக நிறைவேற்றியதில்லை.

விழாவுக்கு அக்கா போகத்தான் வேண்டுமா என்று தம்பி கேட்டான். "போகட்டும்டா" என்றார் அறவாழி, ஆரணி வீட்டின் வேப்பமரத்து நிழலில் கிடந்தபடி. "போயிட்டு வந்து ஒவ்வொரு மூஞ்சியா எனக்குச் சொல்லு மங்க. ஒண்ணும் விட்டுடாத."

விழா புருஷோத்தமன் வீட்டுக் கூடத்திலேயே சாயங்காலம் நடந்தது. குளிர்ச்சியை நேரில் காட்ட வேண்டுமல்லவா. கம்பெனி மேலாளர் வந்திருந்தார், ஜெபராஜ் கேடயத்தைத் தாங்கிப் பிடித்திருந்தான். எல்லா வீட்டுக்காரர்களும் சால்வையும் ஸ்வெட்டருமாக நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். மங்கைக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கைதட்டல் கேட்டது. புருஷோத்தமன் ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டார்.

"மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது முதல்…" என்று தொடங்கினார்.

நெருப்பிலிருந்து நீராவி வரை வந்தபோது மங்கைக்கு ஒரு வாடை வந்தது. சைக்கிள் கடையில் டியூபுக்கு ஒட்டுப் போடும் வாடை. அவள் சுவரைப் பார்த்தாள். சாம்பல் திரையின் மேல் மூலை மெதுவாக மடங்கிக்கொண்டிருந்தது, வாட்டின அப்பளம்போல.

புருஷோத்தமன் நீராவியிலிருந்து மின்சாரத்துக்கு வந்தார். குல்லாவைக் கழற்றினார். பேச்சு நிற்கவில்லை. ஸ்வெட்டரின் மேல் பொத்தானைத் திறந்தார். முன்வரிசையில் சால்வைகள் இறங்கின. பிறகு சுவரெங்கும் ஒரே சமயத்தில் அப்பளம் பொரிகிற ஓசை கேட்டது. திரைகள் சுருண்டு விழுந்தன. இவ்வளவு நாளும் தாழ்வாரத்தின் மறுகோடிக்கு அனுப்பிவைத்த ஒவ்வொருவர் வீட்டுச் சூடும், போன வழியே, வட்டியோடு, வீடு திரும்பியது.

யாரோ கத்தினார்கள். ஒரு நாற்காலி சாய்ந்தது. வசுமதி, "அக்கா, ஐயோ, உங்க வீட்டு ஜன்னலத் திறங்கக்கா" என்றாள்.

"திறக்கக் கூடாதுன்னு கமிட்டி முடிவு வசு."

"சாவியக் குடுங்கம்மா" என்றார் புருஷோத்தமன். முகம் பீட்ரூட் நிறத்தில் இருந்தது.

"முகப்போட மாண்பு கெட்டுடுமே சார். படம் எடுக்கிற நேரம்."

"அம்மா, தயவு செஞ்சு."

அந்தத் தயவையும் அந்தச் செஞ்சுவையும் அறவாழிக்குச் சொல்வதற்காக மனதில் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டு மங்கை எழுந்தாள். அவசரப்படவில்லை. தாழ்வாரம் முழுக்கப் பின்னால் கூட்டம் வந்தது. பூட்டு சுட்டது. பொன்னாடையைச் சுற்றிப் பிடித்துச் சாவியைத் திருப்பினாள். பொன்னாடை என்ற ஒன்று ஒரு காரியத்துக்கு உதவியதை அந்தக் கூட்டத்தில் எல்லோரும் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தார்கள்.

உள்ளே சூளைபோலிருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடி, பொன்னாடைக் கையோடு சமையலறை ஜன்னலைத் தள்ளினாள். காற்று வந்தது. தினமும் அந்த நேரத்துக்கு வருகிற அதே காற்று. கூட்டம் ஜன்னலை நோக்கி முண்டியடித்தது, புருஷோத்தமன் எல்லோரையும் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து, வாயைத் திறந்து காற்றைக் குடித்தார். நேர் எதிரே, மலைக்கு மேல், பெரிய சிவந்த சூரியன் அவர் முகத்தில் அடித்தது.

ஜெபராஜ் கண்ணை இடுக்கிக்கொண்டு அதைப் பார்த்தான்.

"சார், இது தென்கிழக்குன்னு சொன்னீங்களே?"

"ஆமா. அக்னி மூலை."

"சூரியன் இங்க இறங்குதுங்களே சார்."

எல்லோரும் சூரியனைப் பார்த்தார்கள். பல வருடம் அந்தக் கட்டடத்தில் வாழ்ந்தவர்கள் அதை அன்றுதான் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். அது பாட்டுக்கு மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது.

"கோடை காலத்துல கொஞ்சம் தள்ளி மறையும்" என்றார் புருஷோத்தமன். குரலில் அணை உடைந்திருந்தது.

"கிழக்குலயா சார்?"

அவர் கை தன்னையறியாமல் பிடரிக்குப் போயிற்று. கறுத்துப்போன அந்தப் பிடரியைத் தடவிக்கொண்டே நின்றார். ஜெபராஜ் செல்போனில் திசைகாட்டியைத் திறந்து ஜன்னல் மேடையில் வைத்தான். முள் நடுங்கி நின்றது.

"புத்தகத்துல தலைகீழா போட்டிருக்காங்க சார். கிழக்குன்னு போட்டா நல்ல விலை போவும்னு போட்டிருப்பாங்க. இது வடமேற்கு. வாயு மூலை. அதான் இப்படிக் காத்து வருது."

வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்த வசுமதிதான் முதலில் கேட்டாள். மிகவும் நியாயமாகக் கேட்டாள்.

"அப்ப புதுத் திரையை எந்தப் பக்கமாத் திருப்பி ஒட்டணும்? நெசமான அக்னி மூலை எது தம்பி?"

ஜெபராஜ் போனைக் கையில் ஏந்தித் தாழ்வாரத்தில் நடந்தான். குளிர்சோலை முழுவதும் பின்னால் நடந்தது. கடைசிக் கதவுக்கு முன்னால் நின்றான்.

அது தலைவர் வீடு.